பஸ்ஸில் பாடமான மூன்று பந்திகள்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருவதெல்லாம் நான் முழுதாக விழித்திருந்து கண்டவை அல்ல. பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் நேரே பஸ் தரிப்புக்கு வந்து, மனைவியோடு மாடி பஸ்ஸில் ஏறிக் குந்துகிற ஒருவனுடைய குறிப்புகள் இவை. பாதி நித்திரையில் பார்த்தது, மீதி கனவில் பார்த்தது. எது எது என்று என்னைப் பிரித்துத் தரச் சொல்லாதீர்கள்.

மனைவியின் பெயர் சுகந்தினி. நான் சுகந்தி என்பேன். அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து பரந்தன் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். விவசாயம் படித்துப் பட்டம் எடுத்து, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு சந்தோசமாக இருந்தவளை, கலியாணம் என்று சொல்லி இங்கிலாந்தின் வடக்கே இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான். மகள் ஆரணி பிறந்தாள், வளர்ந்தாள், எங்களோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினாள். போன மாரியில் ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுகந்தி, துருவுவதை நிறுத்தாமலே, "நான் திரும்பப் படிக்கப்போறன்" என்றாள்.

மண்ணைப் பற்றிய மேற்படிப்பு. பல்கலைக்கழகம் இடம் தந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் தந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று கோடை முழுக்க நடத்துகிற ஆங்கில வகுப்புக்குப் போய் அதில் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் இடம் இல்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருக்கிறாளே, கடை தெருவெல்லாம் தனியாகப் போய்வருகிறாளே என்று நான் தொலைபேசியில் வாதாடிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பிள்ளை மிகவும் அன்பாக, மிகவும் மரியாதையாக, முடியாது என்றாள்.

அதனால் காலையில் பஸ், வகுப்பு வாசல் வரைக்கும் துணைக்கு நான். ஆறு கடலில் விழுகிற இடத்தை ஒட்டியே பாதை போகும். கோடையிலும் தண்ணீரின் மேல் பனிப்புகார் கிடக்கும். யன்னல் ஓரத்தில் சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். தேவாரம் என்று நினைக்கவேண்டாம். வகுப்பில் வாசிக்கக் கொடுத்த, புத்தகம் ஒன்றில் இருந்து எடுத்த கட்டுரை. உவர் நிலங்களைப் பற்றியது. அந்த முணுமுணுப்பில் எனக்குக் கண் சொருகும். சொருகிய கண்ணுக்குள் பாதையின் இரண்டு பக்கமும் வெளிறி வெள்ளையாகிப் பஸ் ஆனையிறவுக்குள் இறங்கும். உப்பளத்துக் காற்று முகத்தில் படும். யாரோ மிதிபலகையில் நின்று "பரந்தன், பரந்தன்" என்று கத்துவார்கள். இறங்குவதற்கு எழும்பினால், சுகந்தி என் கையைப் பிடித்து இருத்துவாள்.

"இன்னும் ரெண்டு தரிப்பு இருக்கு. இருங்கோ."

2

எங்கள் வீட்டில் ஆங்கிலம் மூன்று விதம். என்னுடையது பெற்றோல் செட் ஆங்கிலம். லொறிக்காரன் எந்த மூலையில் பிறந்தவனாக இருந்தாலும் அவனோடு மழையைத் திட்டுவேன், பந்தாட்டத்தைத் திட்டுவேன், அரசாங்கத்தைத் திட்டுவேன். ஆனால் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதென்றால் மகளைத்தான் கூப்பிட வேண்டும். சுகந்தியினது அச்சடித்த ஆங்கிலம். இலக்கணத்தில் ஒரு தூசு காணமாட்டீர்கள். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. ஆரணியினது இந்த ஊர் மண்ணில் முளைத்தது, அதை நாங்கள் இரண்டு பேரும் தூர நின்று பார்க்கலாம்.

வகுப்பில் சுகந்திதான் வயதுக்கு மூத்தவள். சீனாவில் இருந்து வந்த பெடியன்கள், சவூதியில் இருந்து வந்த கணவன் மனைவி, எங்கே இருக்கிறது என்று நான் வரைபடத்தில் தேடிய ஒரு நாட்டுப் பெண். படிப்பிக்கிறவர் பெயர் ஹெலன். பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று அவர் முதல்நாளே சொல்லிவிட்டார். சுகந்திக்கு அது வரவில்லை. மிஸ் என்றாள். மிஸ் வேண்டாம் என்றார். அதன் பிறகு எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கத் தொடங்கினாள்.

கலந்துரையாடல் என்று ஒரு பாடம். வட்டமாக இருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கவேண்டும். மறுத்தால் புள்ளி. சுகந்தி எல்லோரும் கதைத்து முடியட்டும் என்று பொறுமையாக இருப்பாள். எல்லோரும் கதைத்து முடியும்போது மணியடித்துவிடும்.

"ஒராள் கதைக்கேக்க இடையில பாயச் சொல்லினம். அதுக்குப் புள்ளியும் குடுக்கினமாம்" என்று பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னாள்.

"வீட்டில செய்யிறதை அங்க போய்ச் செய்யுமன்" என்றேன். சப்பாத்து என் பக்கம் பறந்து வந்தது.

3

வகுப்பு பாதி தாண்டியபோது ஒரு மண்டபத்தில் வைத்து நேரக் கட்டுப்பாட்டோடு கட்டுரை எழுதுவித்தார்கள். உவர் நிலங்களைச் சீராக்குவது பற்றி. தான் நிறைய எழுதியதாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் தைரியமாக இருந்தேன்.

அடுத்த கிழமை மின்னஞ்சல் வந்தது. ஒரு சந்திப்புக்கு உங்களை அழைக்க விரும்புகிறோம், விரும்பினால் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம், வருகை உறுதியானால் மகிழ்வோம் என்று அத்தனை வடிவாக எழுதியிருந்தது. எங்களுக்கு என்ன தெரியும்? அழைப்பு என்றால் நல்ல காரியம்தானே. கட்டுரை திறம் என்று கூப்பிட்டுப் பாராட்டப்போகிறார்கள் என்று முடிவுகட்டினோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று சுகந்தி ரின்பாலைக் காய்ச்சி, கஜு போட்டுப் பால் ரொபி இனிப்புக் கிண்டினாள். நான் என் நீலச் சேட்டை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி வைத்தேன்.

ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து, ஒரு பால் ரொபியை வாய்க்குள் போட்டுக்கொண்டு மின்னஞ்சலையும் அதோடு வந்த இணைப்பையும் வாசித்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதை உங்களுக்கு நான் தமிழில் தருகிறேன்.

"அப்பா, இது பரிசு இல்லை. அம்மா பார்த்து எழுதினவ எண்டு சொல்லினம். இதுக்கு விசாரணை."

சுகந்தி தட்டில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டு வரைக்கும் அடுக்கினாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

அந்த இணைப்பை நாங்கள் திறந்தே பார்த்திருக்கவில்லை. கொம்பியூட்டர் அவளுடைய கட்டுரையையும் வகுப்பில் கொடுத்த கட்டுரையையும் ஒப்பிட்டு, ஒரேமாதிரி இருக்கிற இடங்களைச் சிவப்பாக்கி இருந்தது. மூன்று பந்திகள் ஒரு கால்தரிப்புக் குறியும் பிசகாமல் முழுச் சிவப்பு. மண்டபத்துக்குள் போனை ஒளித்துக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதியிருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். நிரூபணமானால் வகுப்பு அத்தோடு முடிந்தது, பல்கலைக்கழக இடமும் போய்விடும் என்று இணைப்பின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியிலும் மரியாதைக்குக் குறைவில்லை.

"போன் கொண்டு போனனீங்களோ அம்மா?"

"நான் ஏன் பிள்ளை கொண்டு போறன்? அது எனக்குப் பாடம்."

"எல்லாச் சொல்லுமோ?"

"ஓம். பாடமாக்கினால் எல்லாச் சொல்லும்தானே?"

ஆரணிக்கு இது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். யுத்தத்தில் கிளிநொச்சி இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் மரத்தடியில் வகுப்பு நடந்த நாட்களில் சுகந்தி படித்தவள். விஞ்ஞானப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் ரீச்சருடையது. அது முறைவைத்து ஒவ்வொரு பிள்ளையின் கொட்டில் வீட்டுக்கும் ஒரு பின்னேரத்துக்கு வரும். ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெய் இருக்கும்வரைக்கும் வாசிக்கலாம். விடிந்ததும் அடுத்த பிள்ளை சைக்கிளில் வந்து வாங்கிப்போகும். அதற்குள் புத்தகம் தலைக்குள் போய்விட வேண்டும். சோதனையில் ஒரு சொல் மாறினால் ரீச்சர் புள்ளியைக் குறைப்பார். அப்படிப் பழகிய தலை அது. இப்போதும் ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தரம் பார்த்தாளென்றால் அப்படியே உள்ளே போய் இருந்துவிடும். அவளுக்கு அது ஒரு கெட்டித்தனமாகவும் தெரியாது, படிக்கிறது என்றாலே அதுதான்.

"ஆனா அது வேற ஆக்கள் எழுதினதெல்லோ?" என்றாள் ஆரணி. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு நீங்கள் எழுதித் தந்ததை நானும் பாடமாக்கித்தானே பேசினனான்? எனக்கு அதில பாதி விளங்கவும் இல்லை. எனக்குக் கப் தந்தவை" என்றாள்.

அந்தக் கப் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

4

விசாரணை அறை சின்னது. யன்னலுக்கு வெளியே புல்வெளியில் மாணவர்கள் வெய்யில் காய்ந்துகொண்டு கிடந்தார்கள். ஹெலன் இருந்தார். வகுப்புகளுக்குப் பொறுப்பான, வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் இருந்தார். துணைக்கு வந்தவர் கதைக்கக்கூடாது என்று எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்கள். என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பால் ரொபிப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

தாடிக்காரர் கேட்டார். போன் எங்கே இருந்தது? சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாரும் உதவினார்களா? இன்னும் குனிந்தாள். படிப்பிக்கிறவர் கோபமாக இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் அது திமிர், பதில் சொன்னால் வாய்க்காட்டுவது. அப்படி வளர்ந்த எங்களுக்கு, பேசாமல் தலை குனிந்து நிற்பதுதான் மரியாதை. ஆனால் அந்த அறையில் தலை குனிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். தாடிக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். எத்தனை விடியலாக அந்த முணுமுணுப்பை என் காதால் கேட்டிருக்கிறேன். அவளுடைய படிப்பு என் கண்முன்னால் போகிறது, நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்.

நான் காலால் அவள் சப்பாத்தை மெல்லத் தட்டினேன்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணை மூடினாள். அந்தக் கட்டுரையை முதல் வரியில் இருந்து சொல்லத் தொடங்கினாள். எழுதிய மூன்று பந்திகளைத் தாண்டி, எழுதாத பந்திகளுக்குள்ளும் போனாள். தாடிக்காரரின் பேனை நின்றது. யன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழ, குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அறை மெல்லக் கரைந்து பஸ்ஸாகியது. புகார், ஆறு, இரண்டு பக்கமும் வெள்ளை. அவள் ஒரு இடத்தில் சற்றே நின்றாள். மூச்சு வாங்கத்தான் நின்றாளோ, மறந்தாளோ, தெரியாது. அந்த இடத்தில் என் வாய், என்னைக் கேளாமலே, "கொன்சிக்குவென்ற்லி" என்றது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ‘அதன் விளைவாக’ என்று அந்தச் சொல்லுக்குக் கருத்தாம், அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பஸ்ஸில் அவள் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் அதைச் சொல்லுவாள், அவ்வளவுதான். ஹெலன் சிரித்துவிட்டார். தாடிக்காரரும் தாடிக்குள் சிரித்தமாதிரித்தான் இருந்தது.

போன் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் ஹெலன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, நிதானமாகச் சொன்னார். உங்களுடைய ஞாபகம் பெரிய கொடை. நீங்கள் களவெடுக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டுரை உங்களுடையது இல்லை. அதில் நீங்கள் எங்கேயும் இல்லை. இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறோம். வருகிற வெள்ளிக்கிழமை இதே விசயத்தில் புதிதாக எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். அதில் சித்தியடைந்தால் இடம் இருக்கும்.

பால் ரொபியை நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். லஞ்சம் என்று நினைத்திருப்பார்களோ என்று வழி முழுக்கச் சுகந்தி பேசினாள்.

5

எனக்குப் பெரிய ஆறுதல். அவளுக்கு அதன் பிறகுதான் பயமே தொடங்கியது.

"அந்தக் கட்டுரையை எழுதினவரைவிடத் திறமா எனக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சால் நான் ஏன் அவற்ற புத்தகத்தை வாசிக்கிறன்?"

யோசித்துப் பாருங்கள், அவள் கேட்டதும் நியாயம்தான். மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இருப்பாள். ஒரு வரி எழுதுவாள், அது புத்தகத்து வரி என்று கண்டு வெட்டுவாள். இன்னொன்று எழுதுவாள், அதுவும் அப்படியே. கண்ணை மூடினால் பக்கம் பக்கமாகத் தெரிகிற ஒருத்திக்கு அந்தப் பக்கங்களை அப்புறப்படுத்த வழி தெரியவில்லை. ஒருநாள் பின்னேரம் பேனையை வைத்துவிட்டு, "நான் வகுப்பை விடப்போறன். கடையில வேலை கேப்பம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. நான் இறக்கிவிட்ட குளிரில் இந்தப் பெண் திரும்ப எழும்பி நடந்த முதல் நடை அது. அதையும் விட்டால் அவள் என்னோடு சமைப்பாள், சிரிப்பாள், ஆனால் வேறு ஒருத்தியாக இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கட்டுரையை எடுத்து, பெற்றோல் செட் உச்சரிப்பில், எட்டூருக்குக் கேட்க வாசிக்கத் தொடங்கினேன். சிரிக்கவைப்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. மழைகாலத்தில் நல்ல தண்ணீரை வயலில் நிறையத் தேக்கி, உப்பைக் கழுவி வெளியேற்றுவதே எளிய வழி என்று ஒரு இடம் வந்தது.

"எங்க வெளியேத்திறது?" என்றாள் சுகந்தி, இறாலைப் பார்த்தபடி.

"என்ன?"

"எங்கட பரந்தன் வயலுக்கு மாரியில தண்ணி வரும். ஆனால் போறதுக்கு இடமில்லை. பதிஞ்ச நிலம். பக்கத்தில கடல்நீரேரியும் அந்த நேரம் முட்டிக்கொண்டு நிக்கும். கழுவின தண்ணி வயலுக்கையே நிண்டு காயும். பிறகு உப்பு எங்க போகும்? அங்கதான் கிடக்கும். கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி கடைசி வாய்க்கால்காரரான எங்களுக்கு வந்து சேர முன்னம் முடிஞ்சிடும். இவர் மேட்டு நிலத்தில நிண்டு பார்த்துப்போட்டு எழுதியிருக்கிறார். முதல்ல வடிகால். தண்ணி அதுக்குப் பிறகு. அதுவும் ஒராள் தன்ர வயலுக்கு மட்டும் வெட்டினால் சரிவராது, வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து வெட்டவேணும்..."

இறால் தோலோடு கை ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வேகமாக அவள் கதைத்து நான் பல வருடமாகக் கேட்கவில்லை. இடையில் பாய்வதற்கு எனக்கு இடமே கிடைக்கவில்லை.

"இதைத்தான் ஹெலன் எழுதச் சொன்னவா" என்றேன்.

சுகந்தி திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, புத்தகம் பிழையெண்டு எழுதுறதோ?"

"என்னை ஒரு நாளைக்கு எத்தினை தரம் பிழையெண்டு சொல்லுறீர்? அப்ப கை நடுங்கிறேல்லையே?"

"நீங்கள் புத்தகமோ?"

மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆரணி, "அம்மா, எங்கட பள்ளிக்கூடத்தில நாங்கள் எப்பவும் புத்தகம் பிழையெண்டுதான் எழுதுறனாங்கள். அது பிரச்சினை இல்லை" என்றாள். அவள் அதைத் தமிழில் சொன்னாள். அதற்காகவே எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது.

6

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் இருந்து நித்திரை கொண்டேன். கனவில் பரந்தன் வயலுக்குள் சீனப் பெடியன்கள் வரிசையாக நின்று வாய்க்கால் வெட்டினார்கள். தாடிக்காரர் வரம்பில் நின்று பால் ரொபி சாப்பிட்டார். எழுப்பியபோது சுகந்தி முன்னால் நின்றாள். முகத்தில் ஒரு வகையான வெறுமை.

"எப்பிடி?"

"எழுதினன்."

"எப்பிடித் தொடங்கினீர்?"

யோசித்தாள். "தெரியேல்ல."

"என்ன தெரியேல்ல?"

"எழுதின விசயம் தெரியுது. வசனம் ஒண்டும் ஞாபகம் இல்லை. எழுதேக்க வந்திது, எழுதினன், போயிட்டுது." அவள் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு இப்பிடி ஒரு நாளும் நடந்ததில்லை. மூளையில ஏதும் பிழையோ?"

பஸ்ஸில் அவள் முணுமுணுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு நித்திரையும் வரவில்லை. மேல்தட்டில் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

முடிவு வந்தபோது ஆரணிதான் வாசித்தாள். சித்தி. மட்டுமட்டாகச் சித்தி. இலக்கணப் பிழைகள் நிறைய என்றும், அவசரத்தில் எழுதியது தெரிகிறது என்றும் ஹெலன் எழுதியிருந்தார். இலக்கணப் பிழை என்று ஒன்று சுகந்தியின் வாழ்க்கையில் அதற்கு முதல் வந்ததில்லை. கடைசியில், உங்களுடைய பரந்தனைப் பற்றி இன்னும் அறிய ஆசையாக இருக்கிறது என்று ஒரு வரி.

ஆரணி துள்ளினாள். நான் நகரத்தில் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்தேன். சுகந்தி மட்டும் குசினி மேசையில் இருந்து அந்த மின்னஞ்சலை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். இன்னும் என்ன தேடுகிறீர் என்று கேட்டேன்.

"கட்டுரையைத் திருப்பித் தரமாட்டினமோ?"

சோதனைத் தாளைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம் இல்லை என்று ஆரணி சொன்னாள். பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளுமாம்.

"பிள்ளை, நீ ஒருக்கா அவைக்கு எழுதிக் கேள்" என்றாள் சுகந்தி. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நான் என்ன எழுதினனான் எண்டு எனக்கு வாசிக்கவேணும் போல கிடக்கு."